நடுத்தூண் இல்லாத கூடம்

ஆனையூர், மதுரை
7.6.1998

அன்புள்ள கனகா,

உன் விலாசத்துக்காகச் செல்லூரில் மூன்று தெரு அலைந்தேன். உங்கள் தறிக்கூடத்தில் இப்போது வேறு யாரோ தறி ஓட்டுகிறார்கள். அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ காண்ட்ராக்டர் விருமாண்டி மகள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நீங்கள் பரமக்குடியில் மாமா வீட்டோடு இருப்பதாகச் சொல்லி விலாசம் கொடுத்தார். இரண்டரை வருஷம் ஒரு வரி போடாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. மார்க் நன்றாகவே இருக்கிறது. சென்னையில் ஆர்கிடெக்சர் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். ஜூலை பத்தொன்பதாம் தேதி படம் வரைகிற தேர்வு. பதின்மூன்றாம் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதோடு ஒரு பக்கக் கட்டுரை கேட்கிறார்கள். உங்களை இந்தப் படிப்புக்கு இழுத்த கட்டடம் எது, ஏன் என்று எழுத வேண்டுமாம்.

இதென்ன பெரிய காரியம் என்றுதான் உட்கார்ந்தேன். நாயக்கர் மகாலில் இருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நோட்டும் கையுமாகப் போவோமே. ஒரு தூணை நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் கட்டிப் பிடித்து, கைவிரல் எட்டவில்லை என்று சிரித்து, காவலாளியிடம் திட்டு வாங்கினோம். மகாலின் சொர்க்க விலாச மண்டபத்து நடுவில் மல்லாந்து படுத்து, இம்புட்டு உயரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது இந்தக் குவிமாடம் என்று நீ கேட்டாய். கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தையல்காரர்கள் தூணுக்குத் தூண் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மண்டபம் கட்டினவன் இவர்களுக்காகத்தான் தூணுக்கு நடுவில் இம்புட்டு இடம் விட்டிருப்பான் என்றும் சொன்னாய். எல்லாவற்றையும் எழுதினேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. ஐந்தாவது வரியில் ஆனையூர் வீடு வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டைத்தான் சொல்கிறேன். நீயும் நானும் வரைபடம் போட்டு, எங்க அப்பா கட்டி, தளம் விழுந்து, உங்க அப்பா போன வீடு. என்னை இழுத்த கட்டடம் அதுதான் கனகா. வேறு எதை எழுதினாலும் பொய்.

அதை எழுதவும், இந்தப் படிப்புக்குப் போகவும் உன்னிடம் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்துவிடுவேன். சும்மா சொல்லவில்லை.

உன்,
ஜோதி


பரமக்குடி
12.6.1998

நாகஜோதிக்கு,

கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்காரர் வந்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள்.

அன்புள்ள என்று ஆரம்பிக்க உனக்குக் கை கூசவில்லையா? அப்பாவை மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்று எங்கள் தெரு முழுக்க வந்து நின்றது. நீ வரவில்லை. பதினாறாம் நாளும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் டி.சி. வாங்கப் போனபோது, வகுப்பில் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தாய். இப்போது சீட்டு வேண்டும் என்றதும் கனகா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். உன் கட்டுரைக்கு உதவும்.

காணும் பொங்கலன்று வேலையாட்கள் யாரும் வரமாட்டார்கள், தளம் காய்ந்துவிடும் என்று அப்பா தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போனார். நாலு மணிக்குக் கூடத்தின் தளம் அவர்மேல் விழுந்தது. போலீஸ் வந்து கேட்டபோது உன் அப்பா என்ன சொன்னார்? தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்புகளை நான் எடுக்கவே இல்லை, தை கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச வேண்டும் என்று வீட்டுக்காரர் ஜனகராஜ் அண்ணன்தான் அவசரப்பட்டு, தறிக்கூட ஆட்களை வைத்து உருவிவிட்டார் என்றார். உருவிய கம்புகளும் வாசலில் ஒழுங்காக அடுக்கி இருந்தனவாம். தை முகூர்த்தம் என்று அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மைதான். அதனால் எல்லோரும் நம்பினார்கள். அம்மாவும் நம்பினாள்.

அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அப்பா படத்தின் முன்னால் நின்று திட்டுவாள். அழமாட்டாள். உங்களுக்கு எதிலும் அவசரம், சாப்பாட்டில் அவசரம், பேச்சில் அவசரம், எங்களை விட்டுப் போவதிலும் அவசரம் என்று தமிழ் கலக்காத எங்கள் வீட்டுப் பாஷையில் பத்து நிமிஷம் நடக்கும். பிறகு போய் உலை வைப்பாள். இரண்டரை வருஷமாக ஒரு நாள் தப்பவில்லை. மாமா வீட்டுக் குழந்தைகள் அந்த நேரத்துக்கு வெளியே ஓடிவிடும்.

அப்பா என் கனவில்கூட வருவதில்லை. திட்டுக்குப் பயந்து வராமல் இருக்கிறாரோ என்று தோன்றும்.

எங்கப்பா தலையில் விழுந்த கூரையை ஒரு பக்கத்துக்குள் மடக்கி எழுதி நீ சீட்டு வாங்கப் போகிறாய். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன்.

கனகலட்சுமி


ஆனையூர்
18.6.1998

கனகா,

நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அன்றைக்கு நான் வராததற்குக் காரணம் இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும். பேனா அந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுகிறது. முதலில் வேறொன்றைச் சொல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் அதன் முன்னால்தான் திரும்பும். திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு கொஞ்சம் நிற்கும், பிறகு ஆரம்பிக்கும். இரண்டரை வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து போனேன். உன் கடிதம் வந்த மறுநாள் நடந்தே உள்ளே போனேன்.

சுவர்கள் எல்லாம் நிற்கின்றன. வாசல் நிலை நேராக இருக்கிறது. அதில் கட்டிய மஞ்சள் துணி வெளுத்துத் தொங்குகிறது. கூடத்தில் பாதித் தளம் கீழே கிடக்கிறது, மீதி கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறது. நடுவில் வேலிக்கருவேல் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. எனக்குத் தளம் போட்ட அன்றைக்கு இருந்த கூடம்தான் கண்ணில் நின்றது. தளத்துக்கு அடியில் ஐம்பத்திரண்டு சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து நின்றனவே, ஒரு காடு மாதிரி. நீ உள்ளே புகுந்து, இது நம்ம ஆயிரங்கால் மண்டபம்டி, எண்ணிக்கைதான் கொஞ்சம் குறையுது என்று சொல்லி, மிச்சமிருந்த காவிப் பெயிண்ட்டில் ஒவ்வொரு கம்பிலும் நம்பர் போட்டாய்.

அக்கம்பக்கத்தில் நாலு மணிக்கு மேல் அந்தச் சந்தில் யாரும் நடப்பதில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறதாம். காலி இடத்தைப் பற்றி ஊர் எதையாவது சொல்லும் என்று நினைத்தேன். கனகா, நான் கேட்டேன். ஒரு வாளித் தண்ணீர் சிமென்ட்மேல் விழுகிற சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வாளி. தொட்டியை எட்டிப் பார்த்தேன், சருகுதான் கிடந்தது. குழாய் எதுவும் கிடையாது. எனக்கு ஓடத் தோன்றவில்லை. அவர் வேலையை முடிக்கட்டும் என்பதுபோல நின்றுகொண்டே இருந்தேன்.

இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

ஜோதி


பரமக்குடி
23.6.1998

ஜோதி,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வாளிச் சத்தத்தைப் படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா எப்படித் தண்ணீர் ஊற்றுவார் என்று நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாளி ஊற்றிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார். தளத்தின்மேல் கட்டிய பாத்தி முழுக்கப் பரவிய பிறகுதான் அடுத்த வாளி. அதனால் மற்றவர்கள் அரை மணியில் முடிப்பதை அவர் ஒன்றரை மணி நேரம் செய்வார். இதெல்லாம் கற்பனை, சீட்டுக்காக என்னை இளக்கப் பார்க்கிறாள் என்று எழுத நினைத்தேன். நடுவில் ஒன்றுமில்லாமல் இருக்கும் அந்த நேரத்தை நீ எப்படிக் கற்பனை செய்ய முடியும்?

அப்பேர்ப்பட்ட மனுஷனையா அவசரக்காரர் என்கிறோம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. சரி, அது இருக்கட்டும்.

இங்கே மாமா வீடு ஓட்டு வீடு. அதனால் இருக்கிறேன். கான்கிரீட் தளத்துக்கு அடியில் என்னால் தூங்க முடியாது. எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். எங்கே உத்தரம், எங்கே தூண், எது எதைத் தாங்குகிறது என்று கண் தானாக ஓடும். கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காராமல் தூணோரம் நின்றே சாப்பிட்டு வந்தேன். பைத்தியம் என்றாள் அத்தை. நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்டுப் பழகிய பார்வைதான், இப்போது விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உன் அப்பா முதலில் போட்ட பிளானில் கூடத்தின் நடுவில் ஒரு தூண் இருந்தது. மகாலில் மல்லாந்து படுத்து வந்த திமிரில், தூண் வேண்டாம், கூடம் விரிந்து கிடக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான். நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டினார், என் மக போட்டது என்று. அந்தத் தூண் இருந்திருந்தால், முட்டை எடுத்திருந்தாலும் தளம் அதன்மேல் நின்றிருக்கும்.

அதோடும் போகவில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது, மேற்கு ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் கூடத்தில் எதுவரைக்கும் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாங்க என்று சொன்னதும் நான்தான். மேலே தண்ணீர் ஊற்றிவிட்டு அதைப் பார்க்கத்தான் உள்ளே போயிருக்கிறார்.

அம்மா அவரைத் திட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரைக் கொன்றது என் படம். அதற்கப்புறம் நான் ஒரு கோடு இழுத்ததில்லை. பி.காம். சேரப் போகிறேன். நீ வேண்டுமானால் கட்டடம் கட்டிக்கொள். என்னிடம் கேட்காதே.

கனகா


ஆனையூர்
27.6.1998

கனகா,

உன் படத்தில் ஒரு தப்பும் இல்லை.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி மீதியை எழுத முடியாமல் போனாலும் இது உன்னிடம் வந்துவிட வேண்டும். நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்றும் எழுத முடியவில்லை. சொல்லியிருக்கமாட்டேன். பயந்தாங்கொள்ளி.

தூண் வேண்டாம் என்று நீ கேட்டபோது எங்க அப்பா உத்தரத்தைப் பெரிதாக்கி, கம்பியும் கூட்டித்தான் போட்டார். எனக்கு எதிரிலேயே ஆட்களிடம் சொன்னார், பதினெட்டு அடி வெறுங்கூடம், இருபத்தெட்டு நாளைக்கு முட்டைத் தொடப்படாது என்று. ஜனவரி நாலாம் தேதி தளம் போட்டது. பதின்மூன்றாம் தேதி கம்புகளை எடுத்துவிட்டார்கள். உங்க அப்பா எடுக்கவில்லை. எங்க அப்பா எடுத்தார்.

எங்கள் ஊர் அலங்காநல்லூர் பக்கம் என்று உனக்குத் தெரியும். பொங்கல் ஜல்லிக்கட்டுக்கு ஊரில் கேலரி கட்டுவார்கள். அதற்குக் கம்பு எங்க அப்பா கொடுப்பது வழக்கம். பிழைக்கப் போன இடத்தில் பெரிய ஆளாகிவிட்டான் விருமாண்டி என்று ஊர் சொல்வது அந்த ஒரு நாளில்தான். அந்த வருஷம் அவரிடம் இருந்த கம்பெல்லாம் வெவ்வேறு தளத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உங்கள் கூடத்தில் சுவரோரக் கம்புகளை விட்டுவிட்டு நடுவில் இருந்ததை உருவி லாரியில் ஏற்றிவிட்டார். நாலு நாள்தானே, பதினெட்டாம் தேதி திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். காணும் பொங்கலன்று நான் அந்தக் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். செருப்பு கழன்று விழுந்தது என்று குனிந்தேன். பக்கத்துக் கம்பில் காவிப் பெயிண்ட்டில் 23 என்று இருந்தது. உன் கையெழுத்து. மூன்றுக்கு நீ போடுகிற அந்தக் கொக்கி. அடுத்த கம்பு 27. அதற்கடுத்தது 31. கூடத்தின் நட்ட நடுக் கம்புகள் எல்லாம் எங்களைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனையூரில் தளத்தை எது தாங்குகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கிப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஊர்ப் பெரியவர்களோடு நின்றுகொண்டிருந்தார். "நாலு நாள்ல ஒண்ணும் ஆயிராது தாயி. போயி மாட்டைப் பாரு" என்றார். நான் போய் மாட்டைப் பார்த்தேன்.

பதினோரு மணியில் இருந்து நாலு மணி வரை, ஐந்து மணி நேரம் கனகா. கடைத்தெருவில் டெலிபோன் பூத் இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். எத்தனையோ நாள் அதில் கூப்பிட்டு உன்னோடு வெட்டியாகப் பேசியிருக்கிறேன். அப்பாவைக் காட்டிக் கொடுத்ததாக ஆகுமே என்று போகவில்லை. இன்றைக்கு லீவு, அங்கே யார் போகப் போகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

உங்க அப்பா உள்ளே போனபோது நடுக்கம்பு இல்லாததைப் பார்த்துத்தான் இருப்பார். விருமாண்டிக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். அம்புட்டு நம்பிக்கை எங்க அப்பாமேல். வாசலில் அடுக்கியிருந்த கம்புகள் மறுநாள் விடியுமுன் எங்கள் ஊரிலிருந்து லாரியில் கொண்டுபோய் அங்கே வைத்தவை. அப்பா போலீஸிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தப் படிப்பு ஆசையா, செய்த பாவத்துக்குக் கழுவாயா என்று எனக்கே தெரியவில்லை. இனி நீ சொல்வதுதான்.

ஜோதி


பரமக்குடி
30.6.1998

நாகஜோதிக்கு,

கார்டில்தான் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? இரண்டரை வருஷமாகச் செத்துப்போனவரைத் திட்டிக்கொண்டிருப்பது அம்மா. அவளுக்கு எழுது. தேதி, நேரம், யார் செய்தது, நீ என்ன பார்த்தாய், எல்லாம். அழுகை வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், மாடு பார்த்த கதை வேண்டாம். உன் முழுப்பெயரும் உன் அப்பா பெயரும் போட்டுக் கையெழுத்திடு. உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுது. ஒளித்து எழுதினால் அதைப் படித்துக் காட்டமாட்டேன்.

படிப்பைப் பற்றி இப்போது என்னிடம் பேசாதே.

கனகலட்சுமி


அலங்காநல்லூர்
5.7.1998

கனகா,

இந்த விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. சித்தி வீட்டில் இருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அந்த விபத்துக்குப் பிறகு அவர் காண்ட்ராக்ட் எடுப்பதை விட்டுவிட்டார். சாமான்களை எல்லாம் விற்றுவிட்டு இங்கே கொஞ்சம் நெல், அங்கே கொஞ்சம் வாழை என்று காட்டைப் பார்க்கிறார். அடிப்பார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து, உன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எழுதிக்க. பொய்யையா எழுதப் போற? ஆனா நான் இருக்கிற வீட்ல உக்காந்து எழுதாத."

துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா அழுதாள். அப்பா பஸ் ஸ்டாப் வரை என் பின்னாலேயே, பத்தடி தள்ளி வந்தார். பஸ் வந்ததும் திரும்பிப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று எழுத எனக்கு ஆசை. நீ படிக்க வேண்டும் என்று இல்லை.

அம்மாவுக்கான கடிதம் இது. தனித்தாளில் வைத்திருக்கிறேன், இங்கேயும் ஒரு நகல் எழுதுகிறேன், நான் எதையும் மழுப்பவில்லை என்று நீ பார்த்துக்கொள்ள.

'அம்மாவுக்கு, ஆனையூர் விருமாண்டி மகள் நாகஜோதி எழுதுவது. 1996 ஜனவரி 4 அன்று உங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தளம் போடப்பட்டது. முட்டுகள் இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டியவை. ஒன்பதாம் நாளான ஜனவரி 13 சாயங்காலம் நடுவில் இருந்த கம்புகளை என் தகப்பனார் விருமாண்டி எடுத்து, எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு மேடைக்குக் கொடுத்தார். எடுத்தபோது உங்கள் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. அவர் முட்டை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் இல்லை. ஜனவரி 17 காலை பதினோரு மணிக்கு அந்தக் கம்புகளை நான் எங்கள் ஊரில் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல எனக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. போலீஸில் என் தகப்பனார் சொன்னது பொய். தூண் இல்லாமல் கட்டியதால் தளம் விழவில்லை. கனகலட்சுமி போட்ட படம் சரியானது. இதை எந்த ஆபீஸில் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். இப்படிக்கு, வி. நாகஜோதி.'

விண்ணப்பத்தை இன்னும் தபாலில் போடவில்லை. பதின்மூன்றாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கட்டுரை எழுதிவிட்டேன். உன் பதில் வராவிட்டால் அதை இங்கேயே விட்டுவிடுவேன்.

ஜோதி


பரமக்குடி
9.7.1998

ஜோதி,

அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை படித்துக் காட்டினேன். விளக்கேற்றுவதற்கு முன்னால் உட்கார வைத்து, முதலில் தமிழில், பிறகு எங்கள் பாஷையில். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். தாளை வாங்கி உன் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இது அந்த ஒல்லிப் பெண்ணா, நம் வீட்டில் வந்து அவல் கேட்டுச் சாப்பிடுவாளே, அவளா என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் கத்துவாள், உன் குடும்பத்தைச் சபிப்பாள், மாமாவைக் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் உன்னை எழுதச் சொன்னேன். அப்பா பழியில் இருந்து விடுபடுவார், அம்மா மனசு லேசாகும், எங்கள் வயிற்றெரிச்சல் உன் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று மூன்றுக்கும் ஆசைப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போய் விளக்கேற்றினாள். வழக்கம்போல அப்பா படத்தின் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எங்கள் பாஷையில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "திட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் அவர் வீட்லதான்டி இருந்தார். இன்னைக்குத்தான் போயிட்டார்."

இதைச் செய்தது நீ மட்டும் இல்லை, நானும்தான். மறைத்ததற்கு நீ, சொல்ல வைத்ததற்கு நான். இரண்டு நாளாக வீட்டில் அந்தப் பத்து நிமிஷம் வெறுமனே கிடக்கிறது. மாமா குழந்தைகள் பழக்க தோஷத்தில் இன்னும் வெளியே ஓடுகின்றன.

மன்னிப்பு என்று ஒன்றை எதிர்பார்த்து இந்தக் கவரைப் பிரித்திருந்தால், அது இதில் இல்லை. தேடினேன். என்னிடம் இல்லை. உன்மேல் கோபம் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். ஆனால் என் படம் சரியானது என்று ஒரு ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு வரியை மட்டும் தனியாக எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்லப் போவதில்லை.

போலீஸுக்குப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அங்கே போய் யாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரப் போகிறாய் என்றாள். பிறகு இன்று காலையில், காய் நறுக்கிக்கொண்டே, அந்தப் பெண் எதற்கு இப்போது இதை எழுதினாள் என்று கேட்டாள். நீ படிக்க ஆசைப்படுவதைச் சொன்னேன். வீடு கட்டுகிற படிப்பா என்றாள். ஆமாம் என்றேன். விண்ணப்பத்தைப் பற்றியும், என் பதிலுக்காக நீ காத்திருப்பதையும் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். கத்தியை வைத்துவிட்டு இப்படிச் சொன்னாள்:

"போகச் சொல்லு. படிச்சுக் கட்டட்டும். அவ போடுற முதல் தளத்துக்கு முட்டைப் பிரிக்கிற அன்னைக்கு எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லு. நான் போய் அதுக்கு அடியில உக்காந்துக்கிறேன்."

அதை எந்த மனசோடு சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. உன்னை நம்பிச் சொன்னாளா, உன்னை விடமாட்டேன் என்று சொன்னாளா, இரண்டும்தானா. எது எப்படியோ, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் வருவாள். சொன்னதைச் செய்கிறவள்.

விண்ணப்பத்தை இன்றைக்கே தபாலில் போடு. ஒழுங்காகப் படி.

கனகா